உங்களுடையது மாடியில்

நவம்பரில் இந்த ஊரில்
இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம்.
ஒளிந்து போக ஒரு முழம் இருட்டுக் கிடையாது.
போதாக்குறைக்குக் காற்று.
மகெல்லன் நீரிணையிலிருந்து கிளம்பினால்
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாய் உலுக்கிவிட்டுத்தான் ஓயும்.
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
நானும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
பார்த்தவர்கள் காற்றுக்கென்று நினைத்திருப்பார்கள்.

மருந்துக்கடை நெலிதா
மாத்திரை உறைக்குள் மடித்து வைத்த காகிதம்:
துறைமுகத் தொழிலாளர் சங்கம், செவ்வாய், ஏழரை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சச் சில்லறையை மட்டும்
வழக்கத்தைவிட மெதுவாக எண்ணினாள்.

முதல் செவ்வாய் கதவுவரை போனேன்.
திரும்பி எதிர்க்கடையில் நண்டு விலை கேட்டேன்.
யாருக்கும் வேண்டாத ஒன்றரைக் கிலோ நண்டோடு
வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் செவ்வாய் உள்ளே.
வட்டமாக நாற்காலிகள், பன்னிரண்டு பேர்.
இதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.
பிறகுதான் பார்த்தேன், நடுத்தரையில் ஒரு ரப்பர் மனிதன்,
இடுப்புக்குக் கீழே இல்லாதவன்.
முதலுதவி வகுப்பு.

எழுந்து போக வெட்கம்.
இருக்க அதைவிட வெட்கம்.
"அடுத்தது நீங்கள்" என்றார் பௌதிலியோ,
ஆறு நாள் கிரேன் ஓட்டுபவர், செவ்வாய் மாலை வாத்தியார்.
மண்டியிட்டேன். கைமேல் கை வைத்து
முப்பது அழுத்தம்.
எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள்.
என் விரல்களின் நடுக்கத்தை
ரப்பர் மார்பு சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.
"இன்னொருவர் வந்து மாற்றிக்கொள்ளும்வரை
கையை எடுக்கக் கூடாது."

அப்புறம் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்.
குனிந்தேன்.
நான் ஊதிய மூச்சு
அவன் நெஞ்சில் ஏறி, இறங்கி,
என் முகத்துக்கே திரும்பி வந்தது.
அட்டைப் பெட்டி ஒயின். மத்தியானத்துடையது.
பதினோரு வருஷம் என் வீட்டார் முகர்ந்ததை
அன்றுதான் நான் முகர்ந்தேன்.

பௌதிலியோ பஞ்சை நனைத்து
ரப்பர் உதட்டைத் துடைத்தார்.
ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைப்பதுதான்.
(பஞ்சில் இருந்ததும் ஒருவகைச் சாராயம்.
என் மூக்கு அதையும் தவறவிடவில்லை.)
துடைத்துக்கொண்டே, என்னைப் பாராமல்,
"உங்களுடையது மாடியில்" என்றார்.
"ஏழாவது படி ஆடும். பார்த்துப் போங்கள்."

மாடியில் ஐந்தே பேர்.
ஒரு மின்கெண்டி, நொறுங்கிய பிஸ்கட்,
கைப்பிடி இல்லாத கோப்பையில் கரண்டிகள்.
யெர்கோ பேசிக்கொண்டிருந்தான், நண்டுப் படகுக்காரன்.
கடலில் நாற்பது நாள் தொடாமலிருந்தவன்
கரையில் நாற்பது அடி தாண்ட முடியாத கதை.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
யாரும் சிரிக்கவில்லை,
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

என் முறை.
"ஒதிலியா" என்றேன்.
அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும்,
ஊருக்கே தெரியும்.
தொண்டையில் முள்ளாய்க் குறுக்கே நின்றது.
வேறு எதுவோ வாயில் வந்தது:
"போன வாரம் எதிர்க்கடையில்
ஒன்றரைக் கிலோ நண்டு வாங்கினேன்."

"நான் மூன்று வாரம் வாங்கினேன்" என்றான் யெர்கோ.
"நானே பிடித்து, நானே அவனுக்கு விற்ற நண்டு.
இரண்டு மடங்கு விலை."

கெண்டி கொதித்து அணைந்தது.
தரைப்பலகை இடுக்கு வழியாகக்
கீழே எண்ணுவது கேட்டது,
இருபத்தேழு, இருபத்தெட்டு,
யாரோ விட்டுவிட்டு மறுபடி ஒன்று.

அன்றோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
வெள்ளிக்கிழமை குடித்தேன்.
சனிக்கிழமையும்.
ஞாயிறு முழுக்க, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால்
இருப்பதை நினைத்துக்கொண்டு
ஒரே துணியை இரண்டுமுறை துவைத்தேன்.

செவ்வாய் ஏழு மணிக்கு
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
காற்றே இல்லை அன்று.